“பாதாளத்தில் இறங்கினார்” என்ற வரியைச் சொல்ல வேண்டுமா, விட்டுவிடலாமா?

பதிவு 1
ஆலோன் ஆசிரியை (யாங்கோன்)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் திடப்படுத்தலுக்கு ஆயத்தமாகும் ஒன்பது பிள்ளைகளுக்கு அப்போஸ்தலருடைய விசுவாசப் பிரமாணத்தை வரிவரியாகச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். இவர்கள் வாரம் முழுவதும் பர்மிய மொழிப் பள்ளியில் படிக்கிறவர்கள். தமிழ் எழுத்தைச் சபையில்தான் கற்கிறார்கள். சென்ற வாரம் “மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு, பாதாளத்தில் இறங்கினார்” என்று வாசித்தபோது, பதின்மூன்று வயதுப் பெண்ணொருத்தி கையை உயர்த்தி, “சயாமா (ஆசிரியையே), பாதாளம் என்றால் ஙயேதானே? இயேசு ஙயேக்குப் போனாரா? அவர் என்ன தப்புச் செய்தார்?” என்று கேட்டாள். நரகத்துக்குப் பர்மியர் சொல்லும் சொல் அது என்று இங்குள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புத்த ஆலயச் சுவர்களில் கொப்பரைகளும் தீயும் தீட்டப்பட்டிருப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சொல் எதைக் கண்முன் கொண்டுவரும் என்பதும் உங்களுக்குத் தெரியும். அடுத்த வாரம் பதில் சொல்வதாகக் கூறி வகுப்பை முடித்தேன். உண்மையில் அன்று என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்றும் என் மனத்தை உறுத்துகிறது. உறவினர் ஒருவருடைய அடக்க ஆராதனைக்காக வேறொரு சபைக்குப் போயிருந்தேன். அங்கே இதே பிரமாணத்தைச் சொன்னார்கள், ஆனால் இந்த வரியைச் சொல்லாமல் நேரே “மூன்றாம் நாள்” என்று தொடர்ந்துவிட்டார்கள். சபை முழுவதும் அடுத்த வரிக்குப் போய்விட்டபோது நான் ஒருத்தி மட்டும் “பாதாளத்தில்” என்று உரக்கச் சொல்லி நின்றேன். பிறகு விசாரித்தபோது, அந்த வரி வேதத்தில் இல்லாதது, பிற்காலத்தில் யாரோ சேர்த்தது, அதை விடுவதே நல்லது என்று ஓர் ஊழியக்காரர் சொன்னார். அந்த வரிக்கு என்ன பொருள்? அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாமா? அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கும்படி வேண்டுகிறேன்.

பதிவு 2
பெகு வாசகன்

சகோதரிக்கு வணக்கம். அந்த ஊழியக்காரர் சொன்னது சரி என்றே நான் நினைக்கிறேன். காரணங்களைச் சொல்லிவிடுகிறேன், தவறானால் மூத்தவர்கள் திருத்தட்டும்.

இந்தப் பிரமாணத்தை அப்போஸ்தலர் பன்னிருவரும் கூடி ஆளுக்கொரு வரியாகச் சொன்னார்கள் என்பது பழைய கதை. இன்றைய வரலாற்றாசிரியர் எவரும் அதை ஏற்பதில்லை. ரோமாபுரிச் சபையில் ஞானஸ்நானத்தின்போது கேட்கப்பட்ட விசுவாச அறிக்கையே இதன் வேர். சுமார் 340-ஆம் ஆண்டளவில் அங்கிரா நகரத்து மார்செல்லுஸ் ரோமாபுரிக் கண்காணிக்கு எழுதிய கடிதத்தில் அதன் பழைய வடிவம் கிடைக்கிறது. அதில் “அடக்கம்பண்ணப்பட்டு, மூன்றாம் நாள் எழுந்தார்” என்றுதான் இருக்கிறது. நடுவில் பாதாளம் இல்லை. வட இத்தாலியின் அக்விலேயா நகரத்தைச் சேர்ந்த ரூஃபினுஸ் சுமார் 404-இல் எழுதிய விளக்கத்தில், இந்த வரி தம் ஊர்ச் சபையில் உண்டு என்றும், ரோமச் சபையிலும் கீழ்த்திசைச் சபைகளிலும் இல்லை என்றும் தாமே ஒப்புக்கொள்கிறார். “அடக்கம்பண்ணப்பட்டார்” என்பதன் பொருளே இதற்கும் உண்டு என்றும் அவர் எழுதுகிறார். அப்படியானால் ஒரே பொருளை இரண்டு முறை சொல்வானேன்? நிசேயா பிரமாணத்தில், 325-இன் வடிவத்திலும் 381-இன் வடிவத்திலும், இந்த வரி கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டவர் சிலுவையிலிருந்து கள்ளனிடம், “இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்” என்று சொன்னார். அன்றைக்கே பரதீசிலிருந்தவர் பாதாளத்திலும் இருந்தார் என்று எப்படிச் சொல்ல முடியும்? பிள்ளைகளைக் குழப்புகிற வரியை விட்டுவிடுவதால் விசுவாசத்தில் ஒன்றும் குறையாது என்பது என் எண்ணம்.

பதிவு 3
மோல்மேன் மூத்தவர்

தம்பி பெகு வாசகன் சொன்ன ஆண்டுகளும் பெயர்களும் சரியானவை. அவற்றிலிருந்து அவர் வந்தடைந்த முடிவை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. முதலில் பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், அது சொல்லைப் பற்றிய கேள்வி.

எபிரெய வேதத்தில் ஷியோல் என்றொரு சொல் உண்டு. மரித்தவர் எல்லாரும், யோக்கியனும் அயோக்கியனும், அரசனும் அடிமையும் போய்ச் சேருமிடம் அது. யாக்கோபு தன் மகன் யோசேப்பு இறந்துபோனான் என்று நம்பியபோது, துக்கத்தோடே அங்கே இறங்குவேன் என்றுதான் அழுதான். யோசேப்பு தண்டனைக்குரிய இடத்திலிருக்கிறான் என்று அவன் நினைத்திருக்க மாட்டான். கிரேக்கத்தில் எழுதியவர்கள் அந்தச் சொல்லுக்கு ஹாதேஸ் என்ற சொல்லைக் கொண்டார்கள். தண்டனையின் இடத்துக்கு ஆண்டவர் பயன்படுத்திய சொல் கெஹென்னா. அது எருசலேமுக்குத் தெற்கேயுள்ள இன்னோம் பள்ளத்தாக்கின் பெயரிலிருந்து வந்தது. ஆங்கிலப் பழைய மொழிபெயர்ப்பு பல இடங்களில் இவ்விரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டது. ஆங்கிலத்தில் படித்துவிட்டு வருகிறவர்கள் இந்த வரியைக் கண்டு திகைப்பதற்கு அதுவே பெரிய காரணம்.

நமக்கு அந்தத் திகைப்புத் தேவையில்லை. 1871-இல் வெளிவந்து நாம் இன்றுவரை வாசித்துவருகிற தமிழ் வேதாகமம், புதிய ஏற்பாட்டில் ஹாதேஸ் வருமிடத்தில் பாதாளம் என்றும், கெஹென்னா வருமிடத்தில் நரகம் அல்லது எரிநரகம் என்றும் பிரித்தே சொல்கிறது. “பாதாளத்தின் வாசல்கள் அதை மேற்கொள்வதில்லை” என்பது முதலாவது. அவியாத அக்கினியுள்ள நரகம் என்று மாற்கு 9-இல் வருவது இரண்டாவது. பழைய ஏற்பாட்டில் இந்த ஒழுங்கு ஓரிரு இடங்களில் தவறுகிறது. சங்கீதம் 9:17-இல் ஷியோலுக்கு நரகம் என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் பிரமாணத்தைத் தமிழில் எழுதியவர்கள் நரகம் என்ற சொல்லைத் தொடவில்லை. கையருகே இருந்த சொல்லை அவர்கள் எடுக்காமல் விட்டதை நாம் கவனிக்க வேண்டும்.

பர்மிய வேதாகமத்திலும் இதே பிரிவு இருக்கிறது, சயாமா. அதோனிராம் ஜட்சன் எங்கள் ஊராகிய மோல்மேனில் இருந்துதான் 1834-இல் முழு வேதாகமத்தின் மொழிபெயர்ப்பை முடித்தார். அவர் கெஹென்னாவுக்கு ஙயே என்று எழுதினார், அது பாலி மொழியின் நிரயம் என்ற சொல்லின் வழிவந்தது. ஹாதேசுக்கோ மரணா நைங்ஙான் என்று எழுதினார். மரணத்தின் நாடு என்று பொருள். அந்த மரணம் நம்முடைய மரணமேதான். உங்கள் மாணவி கேட்டது ஙயேயைப் பற்றி, பிரமாணம் சொல்வது மரணா நைங்ஙானைப் பற்றி. இதை அவளுடைய பள்ளி மொழியிலேயே எடுத்துக்காட்டினால் ஒரு நிமிடத்தில் விளங்கிக்கொள்வாள்.

இது வேதத்தில் இல்லை என்பது சரியன்று. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு 16-ஆம் சங்கீதத்தை எடுத்து, “என் ஆத்துமாவைப் பாதாளத்தில் விடீர்” என்ற வாக்கைக் கிறிஸ்துவுக்குப் பொருத்திப் பிரசங்கித்தார். பாதாளத்தில் விடப்படவில்லை என்று சொல்ல வேண்டுமானால், அவர் அங்கே போயிருக்க வேண்டுமல்லவா? போகாதவரைக் குறித்து அவரை அங்கே விடவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எபேசியர் 4:9-இல் பவுல், ஏறினவர் அதற்கு முன்னே “பூமியின் தாழ்விடங்களில்” இறங்கினார் என்கிறார். அந்த வசனத்தை மனுஷனாகப் பிறந்ததற்குப் பொருத்துகிறவர்களும் உண்டு என்பதால் அதை நான் வற்புறுத்தவில்லை. அப்போஸ்தலர் 2 எனக்குப் போதும்.

கள்ளனைப் பற்றி ஒன்று. உயிர்த்தெழுந்த காலையில் ஆண்டவர் மரியாளிடம், “நான் இன்னும் என் பிதாவினிடத்திற்கு ஏறிப்போகவில்லை” என்கிறார். ஆகவே வெள்ளிக்கிழமை வாக்களித்த பரதீசு பரமேறுதலைக் குறிக்கவில்லை என்பது அவருடைய வாயிலிருந்தே தெரிகிறது. லூக்கா 16-இல் ஐசுவரியவான் பாதாளத்தில் வேதனைப்படுகிறான், லாசரு ஆபிரகாமின் மடியில் தேற்றப்படுகிறான், இருவருக்கும் நடுவே பெரும் பிளப்பு. இருவரும் மரித்தவர்களே. அந்நாள் யூதர்களுக்கு மரித்தோரின் உலகத்திலேயே ஆறுதலின் இடமும் இருந்தது. கள்ளனும் அன்று மரித்தான், ஆண்டவரும் அன்று மரித்தார். “என்னுடனேகூட” என்ற சொல்லின் அருமை அதில்தான் இருக்கிறது.

பதிவு 4
பசுந்தோங் கத்தோலிக்கன்

நான் கத்தோலிக்கன். இங்கே எழுதலாம் என்று நம்புகிறேன்.

என் மனைவி உங்கள் சபைக் குடும்பத்தில் பிறந்தவள். மணமாகி வந்த புதிதில் இரவு செபத்தில் இருவரும் சேர்ந்து விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும்போது, சரியாக இந்த இடத்தில் எங்கள் குரல் பிரிந்துபோகும். அவள் “அடக்கம்பண்ணப்பட்டு, பாதாளத்தில் இறங்கினார்” என்று நிறுத்துவாள். நான் “அடக்கம் செய்யப்பட்டார்” என்று நிறுத்திவிட்டு, “பாதாளத்தில் இறங்கி மூன்றாம் நாள் இறந்தோரிடமிருந்து உயிர்த்தெழுந்தார்” என்று தொடர்வேன். பல வருடம் இதைப் பழக்க வேறுபாடு என்றே எண்ணியிருந்தேன். இந்த இழையைப் படித்த பிறகுதான் இரண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்துப் பார்த்தேன்.

தமிழில் ‘இறங்கி’ என்பது வினையெச்சம். அது தனியாக நிற்காது, தன்னை முடிக்கும் வினையைத் தேடிப் போகும். எங்கள் வாக்கியத்தில் அது ‘உயிர்த்தெழுந்தார்’ என்பதைத் தேடிப் போகிறது. ஆகவே இறங்கியது உயிர்த்தெழுதலின் முதல் அடியாகிவிடுகிறது. உங்கள் வாக்கியத்தில் பாடுபட்டு, அறையுண்டு, மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு என்று எச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே கீழே இறங்கிவந்து ‘இறங்கினார்’ என்ற முற்றில் அடித்தளத்தைத் தொடுகின்றன. அதற்குக் கீழே போவதற்கு இடமில்லை. ஒரே வரியை நீங்கள் தாழ்த்தப்படுதலின் கடைசிப் படியாகச் சொல்கிறீர்கள், நாங்கள் உயர்த்தப்படுதலின் முதல் படியாகச் சொல்கிறோம். இத்தனை பெரிய வேறுபாட்டை ஒரு விகுதி தாங்கி நிற்பதை நான் கவனித்ததே இல்லை.

இது எங்களுடைய பழைய வழக்கத்தோடும் பொருந்துகிறது. அப்போஸ்தலர்கள் ஆளுக்கொரு வரி சொன்ன கதை உண்மையல்ல என்றாலும், இடைக்காலத்துப் பட்டியல்கள் பலவற்றில் இறங்கியதும் உயிர்த்தெழுந்ததும் சேர்ந்து ஒரே பகுதியாகத் தோமையாருக்குத் தரப்பட்டிருக்கின்றன. மயிலாப்பூரை நினைக்கிற நமக்கு அதைக் கேட்கும்போது மனம் ஒரு கணம் நிற்கிறது. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் இவ்விரண்டையும் ஒரே பகுதியாகவே விளக்குகிறது. இயேசு உண்மையாகவே இறந்தோர் நடுவே சென்றார், தண்டனை பெற்றோரை விடுவிக்கவோ தண்டனையின் நரகத்தை ஒழிக்கவோ செல்லவில்லை, தமக்கு முன் மரித்த நீதிமான்களை விடுவிக்கச் சென்றார் என்று 633-ஆம் எண்ணில் இருக்கிறது.

பெரிய சனிக்கிழமையின் செபத்தில் எங்களுக்கு ஒரு பழைய மறையுரை வாசிக்கக் கொடுக்கப்பட்டிருக்கிறது. எழுதியவர் பெயர் தெரியாதது. அரசர் உறங்குவதால் பூமி மௌனமாயிருக்கிறது என்று தொடங்கி, அவர் காணாமற்போன ஆட்டைத் தேடுவதுபோல ஆதாமைத் தேடிப் போகிறார் என்று சொல்லும். கீழ்த்திசைச் சபைகளின் உயிர்ப்புப் படங்களில் காலிக் கல்லறையைவிட இந்தக் காட்சியே முக்கியம். உடைந்த கதவுகளின்மேல் கிறிஸ்து நின்று, ஆதாமையும் ஏவாளையும் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்குவார். கைவிரல்களை அல்ல, மணிக்கட்டை. பிடித்துக்கொள்ளும் வலிமை மரித்தவனுக்கு இல்லை.

பதிவு 5
தவுன்ஜி மாணவன்

மேலே எழுதிய மூவருக்கும் நன்றி. இறையியல் படிக்கிறவன் என்ற முறையில் சில செய்திகளைச் சேர்க்கிறேன்.

ரூஃபினுசுக்கு முன்னரே, 359-இல் சிர்மியும் நகரில் எழுதப்பட்ட ஓர் அறிக்கையில் பாதாளத்திற்குப் போனது சொல்லப்பட்டிருக்கிறது. அதை எழுதியவர்கள், குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்ற நிசேயா சங்கத்தின் தீர்மானத்தை மழுப்ப முயன்றவர்கள் என்பதும் உண்மையே. ஆனால் நம்பிக்கை அந்த அறிக்கையைவிட மிகப் பழையது. 2-ஆம் நூற்றாண்டிலேயே சர்தை நகரத்து மெலித்தோ தம் பஸ்கா பிரசங்கத்தில், மரணத்தை அழித்துப் பாதாளத்தை மிதித்தவர் நான் என்று கிறிஸ்து பேசுவதாகச் சொல்கிறார். பிரமாணத்தின் இன்றைய முழு வடிவம் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிர்மின் என்ற துறவியின் நூலில் கிடைக்கிறது, அதில் இந்த வரி இருக்கிறது. லத்தீனிலும் ஒரு சிறு மாற்றம் உண்டு. பழைய வடிவம் ‘ஆத் இன்ஃபெர்னா’, அதாவது கீழுள்ள இடங்களுக்கு. பின்பு நிலைத்தது ‘ஆத் இன்ஃபெரோஸ்’, அதாவது கீழுள்ளோரிடத்திற்கு. இடத்தைச் சொன்ன வரி ஆட்களைச் சொல்லும் வரியாயிற்று. 1988-இல் பல சபைகள் சேர்ந்து ஏற்ற ஆங்கில வடிவம் “மரித்தோரிடத்திற்கு இறங்கினார்” என்ற பொருளில் அமைந்திருப்பதும் இதனால்தான்.

4-ஆம் நூற்றாண்டில் இதற்கு இன்னொரு பயனும் இருந்தது. லவோதிக்கேயாவின் அப்பொல்லினாரியுஸ், கிறிஸ்துவுக்கு மனித ஆத்துமா இல்லை, அதன் இடத்தில் தேவ வார்த்தையே இருந்தது என்று போதித்தார். 381-இல் கொன்ஸ்தாந்தினோப்பிள் சங்கம் அதைத் தள்ளியது. உடல் கல்லறையிலிருந்தபோது பாதாளத்திற்குப் போனது எது என்று கேட்டால், அந்தப் போதனை நிற்க முடியாது. பேதுரு “கிறிஸ்துவினுடைய ஆத்துமா” என்றே சொல்கிறார். ஆகவே அடக்கமும் இறங்குதலும் ஒன்றே என்று ரூஃபினுஸ் சொன்னது இந்த இடத்தில் போதாது. ஒன்று உடலைப் பற்றியது, மற்றது ஆத்துமாவைப் பற்றியது.

சீர்திருத்தக் காலத்தில் கருத்துகள் பிரிந்தன. ஆண்டவர் சிலுவையில் தம் ஆத்துமாவில் அனுபவித்த தேவகோபத்தின் வேதனையே இந்த வரியின் பொருள் என்றார் கால்வின். 1563-இன் ஹைடல்பெர்க் வினாவிடை 44-ஆம் கேள்வியில் அதையே சொல்கிறது. லூத்தர் 1533-இல் டோர்காவில் பிரசங்கித்தபோது, அவர் வெற்றிவேந்தராகப் போய் வாசல்களை உடைத்தார் என்றார், அது எப்படி நடந்தது என்று துருவிக் கேட்காதீர்கள் என்றும் சொன்னார். வெஸ்ட்மின்ஸ்டரின் பெரிய வினாவிடை, மூன்றாம் நாள்வரை மரித்தோரின் நிலையில் இருந்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. பசுந்தோங் ஐயா வினையெச்சத்தில் கண்டது, லூத்தரன்களும் கால்வினைப் பின்பற்றினோரும் தலைமுறை தலைமுறையாக வாதாடிய அதே கேள்விதான்: இது தாழ்வா, உயர்வா? எங்கள் வகுப்பில் இரண்டு வாரம் படித்ததை அவர் ஒரு தாளில் கண்டுபிடித்திருக்கிறார்.

அக்கா கண்ட அந்த விடுபட்ட வரிக்கு ஒரு வரலாறு இருக்கக்கூடும். இங்கிலாந்துத் திருச்சபையின் 39 பிரமாணங்களில் மூன்றாவது இந்த இறங்குதலைப் பற்றியது. ஜான் வெஸ்லி 1784-இல் அமெரிக்க மெதடிஸ்டுகளுக்காக அவற்றைச் சுருக்கியபோது அந்த மூன்றாவதை விட்டுவிட்டார். அமெரிக்க மெதடிஸ்டுகள் இந்த வரியில்லாமலே பிரமாணத்தைச் சொல்லும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பர்மாவுக்கு மெதடிஸ்டுகள் இரண்டு வழியாக வந்தார்கள். ரங்கூனுக்கு 1879-இல் அமெரிக்கர்கள் வந்தார்கள், மண்டலேக்கு 1887-இல் பிரிட்டனின் வெஸ்லியர்கள் வந்தார்கள். அக்கா போன சபை எது என்று எனக்குத் தெரியாது. ஆனால் நம் நாட்டில் ஒரே பிரமாணம் இரண்டு வடிவத்தில் ஒலிப்பதற்கு இப்படிப்பட்ட வேர்கள் இருக்கின்றன. விட்டுச் சொல்கிறவர்கள் விசுவாசத்தில் குறைந்தவர்கள் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது.

பதிவு 6
பெகு வாசகன்

மூத்தவர் ஐயா காட்டிய அப்போஸ்தலர் 2-ஐ நான் பலமுறை படித்திருக்கிறேன், இந்தக் கண்ணோடு படித்ததில்லை. வேதத்தில் இல்லை என்று நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனாலும் ஒரு பயம் மீதியிருக்கிறது. 1 பேதுரு 3:19-இல் “காவலிலுள்ள ஆவிகளுக்குப் பிரசங்கித்தார்” என்று வருகிறது. அதை இந்த வரியோடு சேர்த்து, செத்த பிறகும் மனந்திரும்ப ஒரு தருணம் உண்டு என்று சிலர் போதிக்கிறார்கள். “ஒரேதரம் மரிப்பதும், பின்பு நியாயத்தீர்ப்படைவதும்” என்ற எபிரெயர் 9:27 என்ன ஆவது? நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கேட்டவனை விட்டுவிடுகிற பிரசங்கமாக இது மாறக்கூடாது.

பதிவு 7
தவுன்ஜி மாணவன்

அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. அந்த வசனத்தை அகுஸ்தீன் ஒரு கடிதத்தில் ஆராய்கிறார். நோவாவின் காலத்தில் நோவாவின் வாயிலாகக் கிறிஸ்துவின் ஆவியானவரே பிரசங்கித்தார் என்பதாக அவர் அதைக் கொள்கிறார், அதாவது பாதாளத்தோடு அதைச் சேர்ப்பதில்லை. ஆனால் அதே கடிதத்தில்தான், கிறிஸ்து பாதாளத்திலிருந்தார் என்பதை அவிசுவாசியைத் தவிர யார் மறுப்பார் என்றும் கேட்கிறார். இந்த வரி 1 பேதுரு 3-ஐச் சார்ந்து நிற்க வேண்டியதில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. பிரமாணம் “இறங்கினார்” என்று மட்டும் சொல்கிறது. அங்கே என்ன பேசினார், யார் கேட்டார், யார் திரும்பினார் என்று அது சொல்லவில்லை. சொல்லாததைப் போதிக்கிறவர்களின் பிழைக்காகச் சொன்னதை நாம் விட வேண்டியதில்லை.

பதிவு 8
மோல்மேன் மூத்தவர்

தம்பிமார் இருவரும் நன்றாக எழுதினீர்கள். ரூஃபினுஸ் சொன்னதைப் பற்றி, அடக்கமும் இறங்குதலும் ஒன்றே என்பதைப் பற்றி, இன்னும் ஒன்று சொல்லவே மீண்டும் வருகிறேன்.

எங்கள் ஊரிலிருந்து தெற்கே 65 கிலோமீட்டரில் தன்பியூசயாட் இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பான்காரர்கள் சயாமிலிருந்து போட்ட ரயில் பாதை வந்து முடிந்த இடம். அங்குள்ள யுத்தக் கல்லறைத் தோட்டத்தில் 3,149 காமன்வெல்த் வீரர்களும் 621 டச்சு வீரர்களும் அடக்கம்பண்ணப்பட்டிருக்கிறார்கள். புல் வெட்டிச் சீராக வைத்திருப்பார்கள், பெயர் தெரிந்தவர்களுக்கு வெண்கலத் தகட்டில் பெயர் இருக்கும். அதே பாதையில் மண் வெட்டிச் செத்த தமிழர்களுக்கு அங்கே பெயர் இல்லை. என் தகப்பனாரின் தமையனார் அப்படிப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர். காலராவில் போனார் என்று தப்பி வந்த ஒருவர் சொன்னதோடு சரி. எங்கே புதைத்தார்கள், புதைத்தார்களா, எரித்தார்களா என்று யாருக்கும் தெரியாது.

நான் சிறுவனாயிருந்தபோது என் தகப்பனார் வருஷத்துக்கு ஒருமுறை என்னை அங்கே அழைத்துக்கொண்டு போவார். கல்லறைகளின் நடுவே நடக்க மாட்டார், அது நமக்குரிய இடமல்ல என்பதுபோல வேலியோரத்தில் நின்றுகொள்வார். செருப்பைக் கழற்றிவிட்டு, ஜெபப்புத்தகம் இல்லாமலே விசுவாசப் பிரமாணத்தை முழுவதும் சொல்வார். “அடக்கம்பண்ணப்பட்டு” என்ற இடத்தில் குரல் தாழ்ந்துவிடும். “பாதாளத்தில் இறங்கினார்” என்பதை மட்டும் ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொல்வார். ஏன் அப்படி என்று ஒருநாள் கேட்டேன். “ஆண்டவருக்குக் கல்லறை கொடுக்க ஒரு யோசேப்பு இருந்தார். அண்ணனுக்கு யாரும் இல்லை. கல்லறையோடு வரி முடிந்திருந்தால் நான் எங்கே போய் நிற்பேன்?” என்றார்.

அவர் ரூஃபினுசைப் படித்தவரல்லர். ஆனால் கல்லறை வேறு, பாதாளம் வேறு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மரித்தவர்களில் கல்லறை கிடைத்தவர் உண்டு, கிடைக்காதவர் உண்டு. மரணத்தின் நாட்டிலோ எல்லாரும் உண்டு. ஆண்டவர் அடக்கம்பண்ணப்பட்டதோடு நில்லாமல் அங்கேயும் போனார் என்றால், எந்தத் தகட்டிலும் பெயர் இல்லாதவர்கள் இருக்கிற இடம்வரை போனார் என்று பொருள். “நான் பாதாளத்தில் படுக்கை போட்டாலும், நீர் அங்கேயும் இருக்கிறீர்” என்று 139-ஆம் சங்கீதத்தில் சொன்னதை அவர் சரீரத்தோடு வாழ்ந்து மரித்து நிறைவேற்றினார். அதனால்தான் உயிர்த்த பின், “மரணத்திற்கும் பாதாளத்திற்குமுரிய திறவுகோல்களை உடையவராயிருக்கிறேன்” என்று சொல்ல முடிந்தது.

பெரியப்பாவின் ஆத்துமாவின் நிலையைப் பற்றி இந்த வரி எனக்கு ஒன்றும் உறுதி சொல்லவில்லை, அது தேவனுடைய நியாயத்தீர்ப்புக்குரியது, பெகுத் தம்பியின் பயத்தை நான் மதிக்கிறேன். ஆண்டவர் போகாத இடத்துக்கு அவர் போகவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். சயாமா, இந்த வரியை விட்டுவிடாதீர்கள்.

பதிவு 9
ஆலோன் ஆசிரியை

மூத்தவர் ஐயா எழுதியதை என் கணவருக்கு வாசித்துக் காட்டும்போது பாதியில் நிறுத்தவேண்டியதாயிற்று. எல்லாருக்கும் நன்றி.

இன்று வகுப்பு நடந்தது. முதலில் கரும்பலகையில் இரண்டு பர்மியச் சொற்களையும் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் தமிழ்ச் சொல்லை எழுதினேன். ஙயேக்குக் கீழே நரகம், மரணா நைங்ஙானுக்குக் கீழே பாதாளம். அப்போஸ்தலர் 2-ஐ ஒரு பையன் தமிழிலும் அந்தப் பெண் பர்மியத்திலும் வாசித்தார்கள். பர்மியத்தில் வாசிக்கும்போது அவளே அந்தச் சொல் வந்ததும் நிறுத்தி, “சயாமா, இதுவா?” என்று நிமிர்ந்து பார்த்தாள்.

அதன்பின் என் அம்மா வீட்டுக் கிணற்றைப் பற்றிச் சொன்னேன். யாங்கோனை அடுத்த சிரியம் நகரத்துக்கு அப்பால் அந்தக் கிராமத்தில் எங்கள் கிணற்றில் வாளி அறுந்து விழுந்தால் பக்கத்து வீட்டில் பாதாளக் கரண்டி வாங்கி வருவோம். அம்மாவின் வீட்டிலிருந்து அதையே கொண்டுவந்திருந்தேன். வளையத்தைச் சுற்றிக் கொக்கிகள் தொங்கும், துருவேறிய இரும்பு. பிள்ளைகள் யாரும் அதைப் பார்த்ததில்லை. ஏன் அதற்கு அந்தப் பெயர் என்று கேட்டார்கள். மேலே நின்று கையை நீட்டினால் எட்டாத ஆழத்துக்கு அது தானே இறங்குவதால் என்று சொன்னேன். அடிமண்ணைத் தொட்ட பிறகுதான் கயிறு தளரும், தளர்ந்த பிறகுதான் இழுக்கத் தொடங்கலாம் என்று அம்மா சொல்வதையும் சொன்னேன். உவமையை அதற்குமேல் நீட்டவில்லை, தவுன்ஜித் தம்பி சொன்னபடி பிரமாணம் சொல்லாததைச் சொல்லிவிடக் கூடாது என்று கவனமாயிருந்தேன்.

பசுந்தோங் ஐயாவின் இரண்டு வாக்கியங்களையும் எழுதிக்காட்டினேன். எது சரி என்று ஒருவன் கேட்டான். இரண்டையும் சத்தமாகச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். ஐந்து பேர் நம் வடிவத்தையும் நான்கு பேர் அவர்கள் வடிவத்தையும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஒரு சாரார் ‘இறங்கினார்’ என்று நிறுத்திய நொடியில் மற்றவர்கள் ‘இறங்கி’ என்று மேலே போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு மூன்று முறை சொல்லக் கேட்டேன். எனக்கு நிறுத்த மனம் வரவில்லை.

அந்தப் பெண் தன் நோட்டில் வரியைத் தமிழில் எழுதி, பாதாளம் என்ற சொல்லுக்குமேல் சிறிய பர்மிய எழுத்தில் மரணா நைங்ஙான் என்று எழுதிக்கொண்டாள். போகும்போது, தன் பாட்டி நர்கிஸ் புயலில் போனவர், உடல் கிடைக்கவில்லை என்று என்னிடம் சொன்னாள். 2008-இல் அவள் பிறக்கவே இல்லை, வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறாள். மூத்தவர் ஐயா எழுதியதை அவளுடைய அம்மாவுக்கு அனுப்பலாமா என்று அனுமதி கேட்கவே இதை எழுதுகிறேன்.

பதிவு 10
மோல்மேன் மூத்தவர்

அனுப்புங்கள், மகளே. பாட்டியின் பெயரை எனக்கும் தனியாக எழுதி அனுப்புங்கள். இந்த வருஷம் தன்பியூசயாட் வேலியோரத்தில் நிற்கும்போது பெரியப்பாவின் பெயருடன் அதையும் சொல்கிறேன்.